பந்திக் கதவு திறந்த பிறகு படித்த வாழ்த்து

என் ஆய்வுத் தலைப்பு நிலைக்குமா என்பதை ஒரு கல்யாணப் பந்தி முடிவு செய்யட்டும் என்று சொன்னவர் என் வழிகாட்டிப் பேராசிரியை. கோபத்தில் சொல்லவில்லை. அன்று மதியம் துறையின் வராந்தாவில் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற ஆள் என்பது எனக்குத் தெரியும்.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் ஒப்பிலக்கியமும் பண்பாட்டு ஆய்வும் படித்துக்கொண்டிருந்தேன், முதுகலை இரண்டாம் ஆண்டு. அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் மேசையில் துணையாசிரியராக இருந்தேன். அந்தப் பதிப்பு மூடப்பட்டபோது மற்றவர்கள் வேறு வேலை தேடினார்கள், நான் வகுப்பறை தேடினேன். உடன் படித்தவர்கள் எல்லாரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். என்னைச் சேச்சி என்று கூப்பிட்டு, என் குறிப்புகளை வாங்கிப் படியெடுத்து, என் டிபன் பாத்திரத்தைக் காலி செய்தார்கள். காலையில் பேருந்தில் வெள்ளறடையிலிருந்து நெய்யாற்றின்கரை, அங்கிருந்து ரயில். மாலையில் அதே வழி. ரயிலில் இடம் கிடைத்த நாட்களில் கோட்பாடு படித்தேன், கிடைக்காத நாட்களில் பக்கத்தில் நிற்பவர்களின் பேச்சைக் கேட்டேன். இரண்டாவதுதான் அதிகம் நடந்தது.

இறுதிப் பருவத்தில் எல்லாரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். துறையில் வழக்கமான வழி ஒன்று உண்டு. இரண்டு மொழிகளில் இரண்டு நாவல்களை எடுத்து, இரண்டிலும் ஒரு வெள்ளமோ ஒரு விதவையோ இருக்கிறதா என்று பார்த்து ஒப்பிடுவது. எனக்கு ஒதுக்கப்பட்டதும் அப்படி ஒரு ஜோடி. நான் கேட்டது வேறு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மேடையில் படிக்கிற வாழ்த்துமடல்களை ஒப்பிட விரும்பினேன்.

எங்கள் பக்கம் என்றால் பனச்சமூடு, வெள்ளறடை, பாறசாலை, தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்கிற ஊர்கள். பனச்சமூடு சந்தையில் மீனை ஒரு மாநிலத்தில் வாங்கிவிட்டு, தேங்காயை அடுத்த மாநிலத்தில் வாங்கலாம். நடுவில் ஒரு சாலையைக் கடந்தால் போதும். வீட்டில் சிலர் தமிழ், சிலர் மலையாளம், வெளியே எல்லாரும் இரண்டும். கல்யாணத்தில் தாலிகட்டு முடிந்ததும் பந்திக்கு முன்பாக மணமக்களை வாழ்த்தி ஒரு பாட்டோ வசனமோ படிப்பது வழக்கம். தமிழ் வீட்டுக்காரர்கள் அதை வாழ்த்துமடல் என்பார்கள், மலையாள வீட்டுக்காரர்கள் மங்களபத்ரம் என்பார்கள். பளபளப்பான தாளில் அச்சடித்து, ஓரத்தில் ரோஜாக் கொடி விட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையிலேயே கொடுப்பார்கள். வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழே படித்தால் மணமக்களின் பெயர் வரும். நிலா கட்டாயம் வரும். பிறகு அது புதுவீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு மேலே ஏறிவிடும். நான் நாளிதழில் இருந்த காலம் முழுக்க, சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மடல் எழுதுவது நான்தான். பத்திரிகைக்காரி என்றால் வேறு எதற்கு?

"யார் கேட்கிறார்கள் இதை?" என்றார் பேராசிரியை, நாங்கள் டீச்சர் என்று கூப்பிடுகிறவர். அவர் கோழிக்கோட்டுப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. என்னோடு பேசியதெல்லாம் மலையாளத்தில். "உங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு வந்திருக்கிறேன். தாலி கட்டியதும் மண்டபமே பந்தி வாசலுக்கு ஓடுகிறது. மேடையில் ஒருவர் தாளைப் பார்த்துப் படிக்கிறார், கேட்பது ஒலிபெருக்கி மட்டும். கேட்பவர் இல்லாத ஒன்றை இலக்கியம் என்று எப்படிச் சொல்வது?"

"அச்சில் வருகிறதே டீச்சர்."

"பேருந்துச் சீட்டும்தான் அச்சில் வருகிறது."

அடுத்த மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். பெண் நெய்யாற்றின்கரைப் பக்கம், மலையாளம் பேசுகிற வீடு. இரண்டு பக்கமும் மடல் படிப்பார்கள். வந்து பாருங்கள் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வருகிறேன். பந்திக் கதவு திறந்த பிறகும் ஆட்கள் நின்று கேட்டால் உங்கள் தலைப்பில் கையெழுத்து போடுகிறேன். ஓடினால் நாவல். மேடையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். இன்னொன்று, மடலை நீங்கள் எழுதக் கூடாது. மேடையில் படிப்பதற்கு முன் பார்க்கவும் கூடாது. ஆராய்கிறவரே சமைத்துப் பரிமாறினால் எப்படி?"

நியாயமான நிபந்தனைகள். ஒத்துக்கொண்டேன். எனக்கு அந்த நாவல்களோடு பகை எதுவும் இல்லை. ஆனால் அவற்றைப் பற்றி எழுத என் வகுப்பில் எல்லாராலும் முடியும். வாழ்த்துமடலைப் பற்றி எழுத அந்த ரயிலில் என்னைத் தவிர யாரும் வரவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் கர்வம்தான்.

வீட்டில் சொன்னபோது தம்பிக்கு வருத்தம். "எக்கா, ஊருல உள்ளவனுக்கெல்லாம் எழுதின. எனக்கு எழுத மாட்டியா?"

"டீச்சர் எழுதப்பிடாதுன்னு சொல்லியாச்சு."

"அப்பம் யாரு எழுதுவா?"

திண்டாட்டமே இல்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளறடையில் மலஞ்சரக்குக் கடை வைத்திருக்கிறார். ரப்பர் ஷீட்டும் பாக்கும் நல்லமிளகும் வாங்கி விற்கிற கடை. வாசலில் நின்றாலே புகையில் காய்ந்த ரப்பரின் மணம் அடிக்கும்.

"நானாக்கும் எழுதப்போறது" என்றார். "நீ எழுதினா பேப்பர்ல வாற மாதிரி இருக்கும். நேத்து காலை பத்து மணிக்கு பாறசாலை பக்கத்துல ஒரு கல்யாணக் கெட்டு நடந்தது, உயிர்ச்சேதம் இல்லே. அப்பிடி."

தம்பி சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அவன் வருத்தம் அத்தோடு போயிற்று.

அந்த மாதம் ஆய்வுச் சுருக்கத்தை எழுதி வைத்தேன். பழைய மடல்கள் நிறையச் சேர்த்திருந்தேன், வீடு வீடாகப் போய்ச் சுவரில் தொங்கியவற்றைப் படம் எடுத்தது. ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் தமிழ் வீடுகள், வலப்பக்கம் மலையாள வீடுகள் என்று பிரித்தேன். தமிழ் மடலில் மணமகள் மல்லிகைக்கொடி, மலையாளத்தில் நிலவிளக்கு. தமிழில் மணமகன் சிங்கம், மலையாளத்தில் பெரும்பாலும் நல்ல பையன். இதை வைத்து ஒரு வாக்கியம் செய்தேன். "எல்லையோர மக்கள் சந்தையில் இரு மொழிகளிலும் பேசினாலும், வாழ்த்தும்போது தத்தம் வீட்டு மொழிக்கே திரும்புகிறார்கள்." அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. ரயிலில் மனதுக்குள் பலமுறை வாசித்துப் பார்த்தேன். நாளிதழில் முதலில் கற்றுக்கொடுத்ததே, நிகழ்ச்சி நடப்பதற்கு முன் செய்தி எழுதாதே என்பது. படிக்கப் போனதும் அது மறந்துபோயிற்று.

அறிகுறிகள் இருந்தன. ஒரு சாயங்காலம் கடைக்குப் போனேன். மாமா காதில் பேனா செருகி, முன்னால் ஒரு தாளை வைத்து யோசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்துத் தாளின் மேல் போட்டார்.

"எட்டிப் பாக்காதே மக்கா. ஒனக்க பரிசோதனை கெட்டுப்போவும்."

"நான் பாக்கேல."

"ஒண்ணு கேக்கட்டா? பெண்ணு வீட்டுல மங்களபத்ரம் படிக்கும்போ தொடக்கம் எப்பிடிச் சொல்லுவாவ?"

நான் பெருமையாக, நான் சேர்த்தவற்றிலிருந்து நாலைந்து தொடக்கங்களைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். எதிர்க்கட்சி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாறசாலைக்குப் பக்கத்தில் ஓர் ஆடிட்டோரியத்தில். டீச்சர் சொன்னபடி ரயிலில் வந்து, ஆட்டோவில் இறங்கினார். கசவுச் சரிகைக் கரை போட்ட புடவை. மூன்றாம் வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். அங்கிருந்து மேடையும் தெரியும், வலப்புறம் சாப்பாட்டுக்கூடத்தின் கதவும் தெரியும். இடத்தை யோசித்துத்தான் பிடித்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

கதவைச் சாத்தி உள்ளே கொண்டி போட்டிருந்தார்கள். நாதஸ்வரம் தொடங்கியபோதே கதவருகே ஒரு சிறு கூட்டம். மாலை மாற்றும்போது அது பெரிதாயிற்று. தாலிகட்டும் நேரத்தில், பெண்களின் குரவை ஒலி எழும்போது, மண்டபத்தில் பாதிப் பேர் மணமக்களுக்கு முதுகைக் காட்டி, கதவுக்கு முகத்தைக் காட்டி நின்றார்கள். எங்கள் ஊரில் இது அவமரியாதை இல்லை. முதல் பந்திக்குத்தான் பருப்பு சூடாக இருக்கும், போளி முழுசாக இருக்கும். பால்பாயசத்தில் போளியை ஊறவைத்துச் சாப்பிடுவதற்காகவே கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உண்டு, அதை அவர்கள் மறைப்பதும் இல்லை.

தம்பியின் நண்பன் மைக்கை வாங்கி, "அடுத்தது மாப்பிள்ளையோட மாமா வாழ்த்துமடல் வாசிப்பாவ" என்றான். அதே நொடியில் கொண்டி விழுகிற சத்தம். கதவு திறந்தது. வெள்ளம் உள்ளே பாய்ந்தது. டீச்சர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார். வெள்ளமும் விதவையும் வருகிற அந்த இரண்டு நாவல்களின் அட்டைகள் என் கண்முன் வந்தன.

மாமா தொண்டையைச் செருமினார். தாளை விரித்தார்.

"பிரியப்பட்ட வதூவரன்மாரே."

மலையாளம். மணமக்களை விளிக்கிற அச்சு மலையாளம், மேடை மலையாளம்.

கதவில் ஒரு காலை உள்ளே வைத்திருந்த எங்கள் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் அப்படியே நின்றார். "எலே, இவன் எதுக்குலே மலையாளம் படிக்கான்?"

"பெண்ணு வீட்டுக்காருக்க தாளை மாத்தி எடுத்துட்டானாக்கும்" என்றது இன்னொரு குரல்.

"கண்ணாடி போட்டிருக்கானா பாரு."

தவறு நடக்கிறது என்றால் எங்கள் ஊர் அதைப் பார்க்காமல் போகாது. கதவுக்கு வெளியே இருந்தவர்கள் திரும்பினார்கள். உள்ளே போனவர்களில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். மாமா அசரவில்லை. இரண்டு வரி படிப்பார், நிறுத்துவார், கைதட்ட இடம் கொடுப்பார், மறுபடி படிப்பார். நிலா வந்தது. நிலவிளக்கு வந்தது. பிறகு தாளிலிருந்து கண்ணை எடுத்து, பெண்ணின் அம்மாவைப் பார்த்து ஒரு வரி சொன்னார்.

"ஞங்ஙள்க்கொரு மகளெ கிட்டி, நிங்ஙள்க்கொரு மகனெயும்."

எங்களுக்கு ஒரு மகள் கிடைத்தாள், உங்களுக்கு ஒரு மகனும். புதிதாக ஒன்றும் இல்லாத வரி. ஆனால் அந்த அம்மா, காலையிலிருந்து சேலை, பூ, ஐயர், வீடியோக்காரர் என்று ஓடிக்கொண்டிருந்தவர், முதன்முறையாக நின்று கேட்டார். கேட்டுவிட்டுச் சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பெண்வீட்டார் பக்கம் கைதட்டல் எழுந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கிற்று, தாள் மாறவில்லை.

என் வாக்கியம் அந்த மேடையில் பொதுமக்கள் முன்னிலையில் உடைந்தது. அதை எழுத்தில் யாரும் இன்னும் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

அடுத்தவர் பெண்ணின் பெரியப்பா. அங்கே வலியச்சன் என்பார்கள். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், உயரமான ஆள். மைக்கின் முன் வந்து தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"எந்து பற்றி, வலியச்சா?" என்று பெண்ணே கேட்டுவிட்டாள். என்ன ஆயிற்று என்று.

அவர் மூச்சை இழுத்துவிட்டு, பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரலில் தொடங்கினார்.

"அன்பான மணமக்களே!"

தமிழ். அடுத்த கணம் கூரை அதிர்ந்தது. கதவருகே இருந்தவர்கள் மேடையை நோக்கி வந்தார்கள். உள்ளே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் எழுந்து வந்தார்கள். இருக்கை பறிபோகும் என்று தெரிந்தும் வந்தார்கள் என்பதைச் செய்தியாளராகக் குறித்துக்கொண்டேன். ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். "நான் ஆருகிட்டயும் சொல்லேல பாத்தியளா!" பனச்சமூட்டில் இரண்டு மடல்களையும் அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர் அவர். இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, மற்ற வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். இந்தக் காட்சியைப் பார்க்கவே கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வலியச்சன் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். நெரிசலில் ஆட்களை உள்ளே தள்ளிப் பழகிய கை அது. பிறகு படித்தார்.

"வண்டி ஏறியாச்சு, மக்களே.
இனி முன்னால பின்னால நின்னு சண்டை பிடிக்கப்பிடாது.
இடம் கிடைச்சா சேர்ந்து இருங்கோ.
கிடைக்கேல்லன்னா ஒரே கம்பியைப் பிடிங்கோ.
கோபம் வந்தா அடுத்த ஸ்டாப்பில இறக்கி விடுங்கோ.
அதுக்குப் பிறகு டபுள் பெல்!"

கடைசி வரியில் மண்டபம் முழுவதும் சேர்ந்து இரட்டை மணி அடித்தது. "டிங், டிங்!" சமையற்காரர்கள் பாயச வாளியோடு கதவில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களுடைய தலைவர் மட்டும் உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார். "இலை போட்டாச்சு! ஆளைக் காணேல! சோறு ஆறுது!"

நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். டீச்சர் அங்கே இல்லை. கொஞ்சம் தேடின பிறகு கண்டேன். மேடைக்கு நேர் கீழே, ஒரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் எக்கி நின்று, கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பந்தியில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. டீச்சருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் யாரோ ஒரு அம்மா. அந்த அம்மா அவருக்குத் தமிழ் வரிகளை ஒவ்வொன்றாக மலையாளத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் மாமாவும் வலியச்சனும் பக்கத்துப் பக்கத்து இலை. அங்கே வேறு விவகாரம்.

"நிங்க என்னத்துக்கு மலையாளத்தில எழுதினது?" என்றார் வலியச்சன்.

"ஒங்க வீட்டுல உள்ளவியளுக்கு வெளங்கண்டாமா?"

"எங்களுக்குத் தமிழ் அறியாதுன்னு ஆரு சொன்னது? மார்த்தாண்டம் வண்டியில எத்தர வருஷம் டிக்கெட் கொடுத்தவனாக்கும் நான்!"

"அப்பம் நீங்க என்னத்துக்குத் தமிழ்ல எழுதினிய? எங்களுக்கு மலையாளம் வராதுன்னாக்கும் நெனச்சிய?"

வலியச்சன் அப்பளத்தை நொறுக்கினார். பதில் யோசிக்கிற நொறுக்கல். "ஒரு மரியாதைக்கு."

"எனக்கும் மரியாதைதான்."

"எனக்க மரியாதை கொஞ்சம் கூடுதலாக்கும். நான் தமிழ் எழுத்து அறியாம, மலையாள எழுத்தில தமிழை எழுதி வாசிச்சேன். பிரஸ்காரன்தான் அதைத் தமிழ் எழுத்தில அடிச்சது. கண்ணாடிச் சட்டத்துக்கு உள்ள இருக்கியது என்னால வாசிக்க ஒக்காது. நான் வாசிச்சது எனக்க சொந்தத் தாளு."

மாமா இதற்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தன் இலையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, நின்று கேட்டார்கள். நானும் நின்றேன். தலைப்பில் கையெழுத்து போடுகிறேன். உங்கள் ஆய்வுச் சுருக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள், சொல்லுங்கள்."

வேறு வழியில்லை. சுவரில் தொங்கிய மடல்களைப் படம் எடுத்து, தாளில் கோடு கிழித்துப் பிரித்ததையும் அந்த வாக்கியத்தையும் சொன்னேன். வாழ்த்தும்போது வீட்டு மொழிக்கே திரும்புகிறார்கள் என்று. அவர் எதிர்வரிசையைப் பார்த்தார். அங்கே ஒருவர் மலையாளத்திலும் ஒருவர் தமிழிலும் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், யார் எதில் என்பதைக் கவனிக்க நான் மறந்துவிட்டேன்.

"அந்த வாக்கியம் இப்போது எங்கே?"

"முதல் பந்தியோடு போயிற்று, டீச்சர்."

அவருக்குச் சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. "கோட்டை அழியுங்கள். உங்கள் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருக்கிறதே, அந்தக் கோடு. வீடுகளுக்குத் திரும்பிப் போய், யார் யாருக்காக எந்த மொழியில் எழுதினார்கள் என்று கேளுங்கள். சுவரில் தொங்குவதைப் படம் எடுத்தால் மட்டும் போதாது."

பிறகு போனேன், கேட்டேன். மலையாள வீட்டுச் சுவரில் தொங்கிய மலையாள மடல்களில் பல, தமிழ் வீட்டார் எழுதியவை. பெரும்பாலும் அந்த வீட்டு மருமகளின் அண்ணனோ மாமாவோ. தொங்குகிற வீட்டை வைத்து நான் பிரித்திருந்தேன். யார் கொடுத்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் மரியாதைக்கு என்ற அதே பதில், அதற்குப் பிறகு யாருடைய மரியாதை கூடுதல் என்று ஒரு சண்டை. ஆய்வேட்டின் நீண்ட அத்தியாயம் அந்தச் சண்டைகளைப் பற்றியது. எழுதும்போது நானே பலமுறை சிரித்தேன்.

அன்றைய பந்தியில் பால்பாயசம் வந்தது. போளி வரவில்லை. முதல் பந்தியில் பாதி இலை காலியாக இருந்ததால், உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று போட்டுவிட்டார்களாம். வாழ்த்தைக் கேட்க நின்றவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. டீச்சர் இலையைப் பார்த்தார், பக்கத்து இலையைப் பார்த்தார், பரிமாறுகிறவரைப் பார்த்தார்.

"நாவல் எடுத்திருந்தால் போளி கிடைத்திருக்கும், டீச்சர்" என்றேன்.

"எழுதுங்கள்" என்றார் அவர், பாயசத்தைக் கையால் வழித்துக்கொண்டே. "இதையும் எழுதுங்கள். அடிக்குறிப்பில்."

எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர், ஆய்வேட்டைப் புரட்டி, கோட்பாட்டு அத்தியாயத்தைத் தாண்டி, அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்துத்தான் முதல் கேள்வியைக் கேட்டார். இரண்டாம் பந்திக்குக் கொஞ்சம்கூடவா வைக்கவில்லை என்று.